லான்செஸ்டன் கல்லூரி, தாஸ்மேனியா

லான்செஸ்டன் கல்லூரி என்பது ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா மாநிலத்தின் வடக்கே, லான்செஸ்டன் நகரில் உள்ள அரசு மேல்நிலைக் கல்வி நிறுவனம் ஆகும். 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் இங்கு பயில்கின்றனர். பெயரில் 'கல்லூரி' என்று இருந்தாலும் பட்டப்படிப்பு இங்கு நடத்தப்படுவதில்லை. தமிழ்நாட்டின் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளையும் இலங்கையின் உயர்தர வகுப்புகளையும் ஒத்த படிநிலை இது. 1913இல் அரசு உயர்நிலைப் பள்ளியாகத் தொடங்கிய இந்நிறுவனத்தின் வளாகம், 19ஆம் நூற்றாண்டில் பெண் கைதிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த நிலத்தில் அமைந்துள்ளது.

வளாக நிலத்தின் முன்வரலாறு

தாஸ்மேனியா தீவு 1856 வரை வான் டீமன் நிலம் என அழைக்கப்பட்டது. பிரித்தானிய அரசு தன் நாட்டுக் குற்றவாளிகளை நாடுகடத்தி அனுப்பிய இடங்களில் அதுவும் ஒன்று. 1853இல் இம்முறை முடிவுக்கு வரும்வரை ஏறத்தாழ 12,500 பெண்கள் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் சிறு திருட்டுகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஏழைப் பெண்கள்.

வந்திறங்கிய பெண்கள் குடியேறிகளின் வீடுகளில் வேலையாட்களாக ஒப்படைக்கப்பட்டனர். வேலைக்குக் காத்திருந்தவர்களும், கருவுற்றவர்களும், விதிகளை மீறித் தண்டனை பெற்றவர்களும் 'பெண்கள் தொழிற்கூடம்' எனப்பட்ட சிறைகளில் வைக்கப்பட்டனர். கம்பளி நூற்றல், துணி துவைத்தல், தையல் ஆகியவை அங்கு அவர்களுக்குத் தரப்பட்ட வேலைகள்.

லான்செஸ்டன் தொழிற்கூடம் 1834இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இப்பகுதியின் பெண் கைதிகள் ஜார்ஜ் டவுன் என்ற ஊரில், சீர்கெட்ட கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தனர். புதிய கட்டடம் எண்கோண நடுப்பகுதியையும் அதிலிருந்து பிரியும் சிறகுகளையும் கொண்டிருந்தது. நடுவில் இருப்பவர் நாற்புறமும் கண்காணிக்க ஏற்ற அமைப்பு அது. ஆனால் கண்காணிப்பால் மட்டும் பெண்களை அடக்கிவிட முடியவில்லை. 1842இல் அவர்கள் ஒன்றுதிரண்டு அதிகாரிகளை எதிர்த்துக் கலகம் செய்தனர். 1855இல் தொழிற்கூடம் என்ற நிலை முடிவுக்கு வந்து, அக்கட்டடம் சிறைச்சாலையாகத் தொடர்ந்தது. பின்னர் சிறை மூடப்பட்டு, அதன் நிலம் பள்ளியின் பயன்பாட்டுக்கு வந்தது.

உயர்நிலைப் பள்ளி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாஸ்மேனிய அரசு தொடக்கக் கல்வியை மட்டுமே பரவலாக வழங்கிவந்தது. அதற்கு மேற்பட்ட படிப்பு பெரும்பாலும் தேவாலயங்களும் தனியாரும் நடத்திய பள்ளிகளின் கையில் இருந்தது. லான்செஸ்டனில் 1846 முதல் இயங்கிவரும் சர்ச் கிராமர் பள்ளி அத்தகையது. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, 1890இல் நிறுவப்பட்ட தாஸ்மேனியப் பல்கலைக்கழகம் எட்டாத தொலைவில் இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பவே 1913இல் ஹோபார்ட், லான்செஸ்டன் ஆகிய இரு நகரங்களிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அப்போது கல்வி இயக்குநராக இருந்தவர் டபிள்யூ. டி. மெக்காய். தகுதித் தேர்வில் தேறியவர்களே இப்பள்ளிகளில் சேர முடிந்தது. எனவே எல்லார்க்கும் கதவு திறந்துவிட்டது என்று கூற இயலாது. ஆயினும் குடும்பத்தின் வசதியைவிட மாணவரின் திறமைக்கு முதலிடம் தரும் வழி ஒன்று உருவானது.

மேல்நிலைக் கல்லூரியாக மாற்றம்

1946இல் தாஸ்மேனியா கட்டாயப் பள்ளி வயதை 16ஆக உயர்த்தியது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் இதை முதலில் செய்தது தாஸ்மேனியாவே. உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை பெருகியது. பல்கலைக்கழக நுழைவுக்கான கடைசி இரண்டு ஆண்டுகளை ஒவ்வொரு பள்ளியிலும் நடத்தினால், ஒரு பாடத்துக்குச் சில மாணவர்களே இருப்பர். சிறப்பாசிரியர்களும் ஆய்வகங்களும் போதாமல் போகும். இதற்குத் தீர்வாக அவ்வகுப்புகளைத் தனியே பிரித்து 'மெட்ரிகுலேஷன் கல்லூரிகள்' உருவாக்கப்பட்டன. 1960களில் லான்செஸ்டன் பள்ளியும் அவ்வாறு மாறியது.

இப்பிரிவினையால் பாடத் தேர்வு விரிந்தது. பல்கலைக்கழக நுழைவுக்குரிய பாடங்களுடன் தொழிற்கல்விப் பாடங்களும் ஒரே வளாகத்தில் கிடைத்தன. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கல்லூரிகள் ஹோபார்ட், லான்செஸ்டன், டெவன்போர்ட், பர்னி ஆகிய நகர்ப்பகுதிகளிலேயே அமைந்ததால், சிற்றூர் மாணவர்கள் 10ஆம் வகுப்புக்குப் பின் நெடுந்தூரம் பயணம் செய்யவோ வீட்டைவிட்டுத் தங்கிப் படிக்கவோ வேண்டியிருந்தது. பலர் அத்துடன் படிப்பை நிறுத்தினர். இதை ஈடுசெய்ய, 2015 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் 11, 12ஆம் வகுப்புகள் படிப்படியாகத் தொடங்கப்பட்டன. அன்று ஓரிடத்தில் குவித்ததை மீண்டும் பரவலாக்கும் முயற்சி இது. சிறிய பள்ளிகளில் எல்லாப் பாடங்களையும் நடத்த இயலாது என்ற பழைய சிக்கலும் இதனுடன் திரும்பி வந்துள்ளது.

வளாகம்

கல்லூரி நகர மையத்தை ஒட்டி, பேட்டர்சன் தெருவில் அமைந்துள்ளது. வடக்கு எஸ்க், தெற்கு எஸ்க் ஆறுகள் கூடித் தாமர் கழிமுகமாக மாறும் இடமும், புகழ்பெற்ற கேட்டராக்ட் பள்ளத்தாக்கும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. எண்கோணத் தொழிற்கூடம் இன்று இல்லை. அங்கு வாழ்ந்த பெண்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் தண்டனைப் பதிவேடுகளிலேயே எஞ்சியுள்ளன. அவையும் அதிகாரிகள் எழுதியவை. அந்நிலத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசுக் கல்வி நிறுவனம் இயங்கிவருகிறது. கைதிகள் இருந்த காலத்தைவிடப் பள்ளிக்காலம் இப்போது நீண்டதாகிவிட்டது.