விளக்குமாறும் நூதனசாலையும்

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது 2015 ஜனவரியில். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் அங்கு போயிருந்தேன். 1990இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்டபின் திரும்பிய ஒரு மூதாட்டியின் வீடு. கூரை புதிது, சுவர் பழையது. குசினி வாசலில் தேய்ந்து முழநீளமாகிவிட்ட ஓர் ஈர்க்கு விளக்குமாறு சாத்தியிருந்தது. அதைப் படமெடுத்தேன்.

"உதைப் படமெடுத்து என்ன தம்பி செய்யப் போறியள்? திரும்பி வந்த அண்டைக்கு நான் முதல் கட்டினது ஒரு விளக்குமாறுதான். முற்றம் முழுக்கப் பத்தை" என்றார்.

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அங்கே கண்டியரசரின் சிம்மாசனத்தின் முன் பலமுறை நின்றிருக்கிறேன். அது இருந்த மண்டபத்தைக் கூட்டியவரின் கையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. விளக்குமாறு தேயும், தேய்ந்தால் அடுப்புக்குப் போகும். காட்சிப்பெட்டிவரை அது வந்து சேர்வதில்லை.

அதைத் தேடிச் சேர்த்தவர் ராஜஸ்தானின் நாட்டார் வழக்காற்றறிஞர் கோமல் கோத்தாரி. ஜோத்பூருக்கு அருகே அவர் கனவுகண்ட அர்ணா ஜர்ணா பாலைவன நூதனசாலை முதலில் கையிலெடுத்த பொருளே விளக்குமாறுதான். 2004இல் அவர் காலமான பின்னும் ருஸ்தம் பரூச்சா முதலியோர் அந்த வேலையைத் தொடர்ந்தனர். கம்பு, சோளம், மக்காச்சோளம் விளையும் நிலங்களாக மாநிலத்தைப் பார்த்து, எந்த மண்ணில் எந்தப் புல், அறுப்பவர் யார், கட்டுபவர் யார், கட்டுபவருக்கு ஊரில் என்ன மரியாதை என்று விசாரித்தார்கள். கடைசிக் கேள்விதான் சுடுகிறது. விளக்குமாற்றை லட்சுமி என்று சொல்லிக் காலால் மிதிக்காத வீடுகள், அதைக் கட்டியவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கும்.

(பள்ளிவாசலைக் கூட்டிவந்த பெண் மௌத்தான செய்தியைத் தமக்கு அறிவிக்காமல் விட்டுவிட்டார்களே என்று கேட்டு, அவருடைய கபுறடிக்கே சென்று தொழுத நபிகளாரின் (ஸல்) செயலை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்!)

இக்கேள்வியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் பனையில்தான் வந்து நிற்கும். மட்டையின் அடிப்பாகத்தை வெட்டி, அடித்து நசுக்கி, இரும்புச் சீப்பில் வாரி எடுப்பது பனந்தும்பு. விறைப்பானது, நனைந்தாலும் இலேசில் துவளாது. தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் 'பசீன்' என்ற பெயரில் அது ஐரோப்பாவுக்குக் கப்பலேறித் தூரிகையானது. பெல்ஜியத்தின் இசேகெம் நகரில் சப்பாத்துக்கும் தூரிகைக்குமாக ஒரு நூதனசாலையே இருக்கிறது. அந்நகரம் தன் தொழிலை வெட்கமில்லாமல் கொண்டாடுகிறது. இங்கே 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. பிறகு வந்த போரில் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிபட்டன. தும்படித்த கைகளின் கதையை யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

புறப்படும்போது அந்த விளக்குமாற்றைத் தரமுடியுமா என்று மூதாட்டியிடம் கேட்டேன். கையிலெடுத்து, நுனியைத் தரையில் தட்டி ஒழுங்குபடுத்திப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசத்துக்குக் காணும். பிறகு வாங்கோ, தாறன்."

அடுத்த மாதம் நான் போகவில்லை.