ஊட்டுப்புரையும் ஒரு பாடகனும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் நெடுமங்காடு, விதுரா தாண்டியதும் கல்லாற்றில் இறங்கிக் கால் நனைத்துக்கொண்டுதான் மலையேறுவார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகள் அதற்கப்பால்தான் ஆரம்பம். கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறு வயது முதல் பழகிய இடம் அது. சென்ற கோடையில் குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது, ஆற்றங்கரைப் பாறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பேரன் மெதுவாகச் சொன்னான்: "தாத்தா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். இனிமே பாட்டுதான்."

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். ஃப்ளாட் வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். "கச்சேரிக்கு என்னடா குடுப்பா?" என்று கேட்டேன்.

"மத்தியானக் கச்சேரிக்கு ஒண்ணும் கிடையாது தாத்தா. பக்கவாத்தியக்காராளுக்கு நான்தான் குடுக்கணும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நாலு நாள் யோசித்தேன். அப்போது நினைவுக்கு வந்தது, எங்கள் ஊரில் வளர்ந்த ஒரு ஏழைப் பையனின் சரித்திரம்.

1890-ல் தஞ்சை ஜில்லா போலகத்தில் ராமய்யா என்ற பிள்ளை பிறந்தான். ஏழு வயதில் தகப்பனார் காலமானார். தாயார் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உறவினர் ஆதரவை நாடித் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். நம்மவர்களுக்கு ஊட்டுப்புரைகளில் இலவசமாகச் சாப்பாடு கிடைத்த சமஸ்தானம் இது. ராமய்யா மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து வியாகரணத்தில் பட்டம் பெற்றார். நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் ஸங்கீதத்தின் ஆரம்பப் பாடங்கள். எங்கள் கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவனின் பாடல்கள் பஜனைகளில் முழங்கிய காலம் அது. அந்தப் பக்தி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

படித்த வியாகரணத்தைக்கொண்டு வாத்தியார் வேலையில் அமர்ந்திருக்கலாம். ஆனால் 1910-ல் தாயாரும் போனபின், அவர் க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் பாடிக்கொண்டு அலைந்தார். உடல் முழுக்க விபூதியோடு நின்ற அவரைக் கண்டு கணபதி அக்ரஹாரத்தார் சிவனே வந்தது போல் இருக்கிறது என்று சொல்ல, அந்தப் பெயரே நிலைத்தது. தமையனார் இருந்த பாபநாசம் அதன் முன்னால் சேர்ந்துகொண்டது. அவர்தான் பாபநாசம் சிவன்.

பிறகு சென்னை மயிலாப்பூருக்குக் குடியேறினார். மார்கழி விடியற்காலைகளில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் அவர் நடத்திய பஜனை பிரசித்தமானது. பஜனைக்குச் சம்பளம் ஏது? குடும்பத்துக்குக் கைகொடுத்தவற்றில் முக்கியமானது சினிமா. 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' தொடங்கிப் பல படங்களுக்குப் பாட்டு எழுதினார். எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிப் புகழ்பெற்ற 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) படப் பாடல்களும் இவருடையவை. 1939-ல் 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவும் செய்தார். இத்தனைக்கும் நடுவில்தான் இன்று கச்சேரி தவறாமல் பாடப்படும் கிருதிகள் பிறந்தன. 1971-ல் ஸங்கீத கலாநிதி, 1972-ல் பத்மபூஷண். 1973-ல் மறைந்தார்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லி, 'கஷ்டப்பட்டால் பகவான் காப்பாற்றுவார்' என்று முடிப்பது சுலபம். எனக்கு அது திருப்தியாக இல்லை. பையனாக இருந்த காலத்தில் அவருக்குத் தாயாரும் உறவினரும் இருந்தார்கள், பசித்தால் பந்தி போடும் ஊரும் இருந்தது. அந்தப் பந்திக்கு அரசு செலவிட்டது எல்லாக் குடிகளும் கட்டிய வரி. உட்காரும் பாத்தியதை மட்டும் நம்மவர்களுக்கே இருந்தது. இலை கிடைக்காத எத்தனை ராமய்யாக்கள் இதே ஊரில் பாட்டை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போனார்களோ!

பிற்காலத்தில் வேறு அடுப்புகள் வந்தன. 1939-ல் திருவனந்தபுரத்தில் ஸங்கீதக் கல்லூரி ஏற்பட்டது. முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர். 1962-ல் அதற்கு ஸ்வாதித் திருநாள் பெயர் சூட்டினார்கள். 1943-ல் சமஸ்தானத்து வானொலி நிலையம் தொடங்கியது, 1950-ல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. நிலைய வித்வான் என்ற மாதச் சம்பள உத்தியோகம் எத்தனையோ வீடுகளில் அரிசிப் பானையை நிரப்பியது. ஆக, பெரிய வித்வான்களில் பலரும் கச்சேரிப் பணத்தை மட்டும் நம்பி ஜீவனம் நடத்தியவர்கள் அல்லர். 'பாட்டு சோறு போடுமா?' என்று நாம் பிள்ளைகளைக் கேட்கிறோம். 'நீ பாடும்வரை சோறு போடுவது யார்?' என்பதல்லவா சரியான கேள்வி?

ஐந்தாம் நாள் பேரனைக் கூப்பிட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு உன் சாப்பாடு, வாடகை என் பென்ஷன்லேர்ந்து. ஃப்ளாட்டை வாடகைக்கு விடு. மிச்சத் தவணைக்கு நாலு குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்குடு. சினிமாவுல பின்னணி பாடக் கூப்பிட்டாலும் போ, கௌரவம் பார்க்காதே. சிவனே வேஷம் கட்டினவர்" என்றேன். அவன் அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் ஃபோன் செய்து, "தம்புராவைச் சரிபண்ண ஆள் யாராவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

ரெண்டு வருஷத்தில் பேரன் மேடையேறுவானா, மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்காருவானா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் பாதகமில்லை. பல ஊர்களில் இருக்கும் நம் உறுப்பினர்களிடம் ஒரு விண்ணப்பம்: உங்கள் ஊர் விசேஷங்களில் இளம் பாடகர்களைப் பாடச் சொன்னால், பொன்னாடையோடு நிறுத்தாதீர்கள். ஒரு கவரும் கொடுங்கள், பக்கவாத்தியக்காரர்களுக்கும் சேர்த்து. பாடுகிற குழந்தை எந்த ஜாதி என்று பார்க்கவும் வேண்டாம். பழைய ஊட்டுப்புரையின் கணக்கில் நமக்கு அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.