ஓலை முதல் கைப்பேசி வரை

மனிதன் தன் சொல்லைத் தொலைவில் இருப்போர்க்கு அனுப்பவும், தனக்குப் பின் வருவோர்க்கு விட்டுச் செல்லவும் காலந்தோறும் ஒரு கலத்தைத் தேடி வந்திருக்கிறான். பனையோலை ஒரு கலம். தாள் ஒரு கலம். ஒலிநாடா ஒரு கலம். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியும் ஒரு கலமே. பழைய கலத்தை விட்டுப் புதியதற்கு மாறுவது குற்றமன்று, காலத்தின் கட்டாயம். ஆனால், மாறும் வேளையில் பழையதில் இருந்த பண்டம் முழுவதும் புதியதில் வந்து சேர்ந்ததா என்று நின்று பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வியை நாம் ஏட்டில் படித்து எழுப்பவில்லை; இல்லத்தில் பட்டபின் எழுப்புகிறோம்.

நாம் வாழ்வது ஸ்ரீவில்லிபுத்தூரில். விலையுயர்ந்த பொருள் எது வாங்குவதாயினும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கேயுள்ள இராஜபாளையத்துக்குப் பேருந்து ஏறுவது வழக்கம். ஐந்தாண்டு உழைத்த நம் கைப்பேசியின் பேட்டரி லுஹர் வேளைக்குள் அடங்கிவிடத் தொடங்கியது. இராஜபாளையத்தில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்து, அதற்கான தொகையைக் கழித்துக்கொண்டு, புதியதை வாங்கினோம். கடைப்பையன் பெயர்களையும் எண்களையும் படங்களையும் மாற்றித் தந்தான். மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பின், காலஞ்சென்ற நம் அத்தாவின் குரலைக் கேட்பது வழக்கம். கண்பார்வை மங்கிய பின் அவர் எழுதுவதை விட்டு வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்புவார். மருந்து வாங்கினாயா என்பார். பேரன் ஓதுகிறானா என்பார். முடிவில் துஆச் செய்வார். புதிய கருவியைத் திறந்தோம். அத்தாவின் பெயர் இருந்தது; எண் இருந்தது; குரல் இல்லை. கடைக்கு ஓடினோம். பழைய கருவி துடைத்து வெறுமையாக்கப்பட்டு மொத்த வியாபாரியிடம் போய்விட்டது. கடையைக் குறை கூறுவதற்கில்லை. கேட்க வேண்டியதைக் கேளாதது நம் பிழை.

அந்த வருத்தத்தில்தான், நம் முன்னோர் கலம் மாற்றிய வரலாற்றைத் திரும்பிப் பார்த்தோம்.

மட்டையும் தோலும்

மாநபி (ஸல்) அவர்கள் மறைந்ததையடுத்து நிகழ்ந்த யமாமாப் போரில் திருமறையை நெஞ்சில் சுமந்த ஹாபிஸ்கள் பலர் ஷஹீதாயினர். உமர் (ரலி) அவர்கள் கலங்கி, திருமறையை ஒன்றுதிரட்ட வேண்டுமெனக் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வலியுறுத்தினார்கள். அப்பணி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பேரீச்ச மட்டைகளிலும் தோல்களிலும் தட்டைக் கற்களிலும் மனிதர் நெஞ்சங்களிலும் இருந்ததை அவர்கள் தேடித் திரட்டினார்கள். தாமே மனனம் செய்தவராயிருந்தும், தம் நினைவொன்றை மட்டும் அவர்கள் போதுமெனக் கொள்ளவில்லை.

அவ்வேடுகள் பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் அவற்றை இரவலாகப் பெற்றார்கள். பிரதிகள் எடுக்கச் செய்தார்கள். எடுத்து முடிந்தபின் மூல ஏடுகளை அன்னையாரிடமே திருப்பி அளித்தார்கள்.

திருமறையின் மாண்பை உலகப் பொருள் எதனோடும் ஒப்பிடுதல் தகாது. நாம் இங்கு நோக்குவது அவ்வுத்தமர்கள் காட்டிய ஒழுங்கை மட்டுமே. முதலில் தேடுதல், பிறகு படியெடுத்தல், அடுத்து ஒப்புநோக்கல். அதுவரை மூலம் அமானிதம்.

சீறாவின் சுவடிகள்

இவ்வொழுங்குக்குச் சான்று காண அரபுநாடு வரை போகவும் வேண்டியதில்லை. நம் தென்பாண்டிச் சீமையின் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் பதினேழாம் நூற்றாண்டில் யாத்த சீறாப்புராணம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம். நெடுங்காலம் அது ஓலையிலேயே வாழ்ந்தது. ஓலைக்குக் கரையானும் பகை, ஈரமும் பகை. படியெடுப்போர் கைபட்டுப் பாடம் திரிவதும் உண்டு.

அச்சுக்கலை தமிழகத்தில் பரவிய காலத்தில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் இக்காப்பியத்தின் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1842இல் அச்சேற்றினார். அவர் அச்சின் புதுமையைக் கண்டு மயங்கியவரல்லர். ஓலையில் இருந்ததை அச்சுக்குக் கொண்டுவரும் உழைப்பை மேற்கொண்டவர். அச்சேறாது போன நம் ஓலைகளும் அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகளும் எத்தனையோ பரண்களில் பொடியாயின. சீறா நின்றதற்கும் அவை மறைந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு, எடுத்து மாற்ற ஒருவர் முன்வந்தார் என்பதே.

கம்பியில் வந்த குரல்

எழுத்தின் கதை இதுவென்றால், குரலின் கதை வேறு. 1876இல் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882இல், கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் இயங்கின. ஆயினும் சிற்றூர்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு நெடுங்காலம் தந்தியே விரைவுச் செய்தி. தந்திக்காரர் தெருவில் நுழைந்தால் வீட்டுப் பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது மௌத்துச் செய்தி. 2013 ஜூலையில் பி.எஸ்.என்.எல். நடத்திவந்த தந்திச் சேவை முடிவுற்றபோது அந்த அச்சமும் வரலாறாயிற்று.

அடுத்து வந்தது டிரங்க் கால். எண்ணைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்ததும் மூன்று நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். பேச நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. முறை தொடங்கினும், மஞ்சள் பலகை தொங்கிய பூத்துகள் ஊர்தோறும் பெருகியது எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும்தான். இரவுக் கட்டணச் சலுகைக்காக வரிசையில் நின்று, ஏறும் சிவப்பு எண்களைப் பார்த்தபடி பேசியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இக்கருவிகள் குரலைக் கொண்டுவந்தன, வைத்திருக்கவில்லை. பேசி முடித்ததும் காற்றோடு போயிற்று.

நாடாவில் தங்கிய குரல்

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலை கடையநல்லூர் வழியே போகிறது. அவ்வூர் முஸ்லிம்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தது பழைய வரலாறு. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தோன்றிய ஆண்டு 1941 என்பதே அதற்குச் சான்று. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடாவின் வாசல் திறந்தது. துபாய்க்கும் சவூதிக்கும் சென்றவர்களில் பலர் கடிதத்தோடு நிற்கவில்லை. ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பும் ஒருவர் பெட்டியில் பத்து வீட்டு நாடாக்கள் வரும். குடும்பம் முழுவதும் டேப்ரிக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய், மகனின் இருமலைக் கேட்டே அவன் உடல்நலம் அறிவாள்.

நம் சமுதாயத்தின் சாமானியக் குரல்கள் முதன்முதலாகத் தங்கியது அந்த நாடாக்களில்தான். அவற்றை என்ன செய்தோம்? அவற்றின் மேலேயே நாகூர் ஹனீபாவின் பாடல்களைப் பதிந்தோம். மீதியை ஈரம் தின்றது. குறுந்தட்டு வந்ததும் டேப்ரிக்கார்டர் பரணுக்கு ஏறிற்று. நாடாவிலிருந்து குரலை எடுத்து வைக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவேயில்லை.

உள்ளங்கைக்குள் உலகம்

1995 ஜூலை 31 அன்று, மேற்குவங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல். தொடக்கத்தில் வரும் அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003இல்தான் அது நீங்கியது. அவ்வாண்டு வெளிவந்த நோக்கியா 1100, தலையில் சிறுவிளக்கோடு உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2006இல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் மூடப்பட்டது. ஆலமரமெனக் கருதப்பட்ட நிறுவனமும் எட்டே ஆண்டில் கதவடைத்தது!

2007இல் ஐபோனும் 2008இல் ஆண்ட்ராய்டுக் கருவியும் தோன்றி, ஸ்மார்ட்போன் யுகம் பிறந்தது. 2013இல் வாட்ஸ்அப் குரற்செய்தி வசதியைத் தந்தது. 2016இல் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வீழ்ந்தது. இராஜபாளையத்தின் நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வருபவரும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவரும் ரியாத்திலுள்ள மகனின் முகம் பார்த்துப் பேசலாயினர். அன்று நாடா செய்த வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. அன்று செய்த பிழையையே இன்றும் நாம் செய்கிறோம்.

தேர்ந்தெடுக்கும் நெறி

புதிய கருவி வாங்கப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இது தேவையா?” என்பதே. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறியதும் வலுவிழப்பது இயல்பு. அதை மட்டும் மாற்றினால் பல கருவிகள் இன்னும் ஈராண்டு உழைக்கும். நம் கருவிக்கும் அதுவே போதுமானதாய் இருந்திருக்கும் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அக்கம்பக்கத்தார் கையிலிருப்பதைக் கண்டு மாற்றுவது இஸ்ராஃப், வீண்விரயம்.

தேவையே எனில், கேமராக்களை எண்ணுவதற்கு முன் எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வருமென்று கேட்க வேண்டும். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024இல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்24க்கும் ஏழாண்டு உறுதி தரப்பட்டது. மலிவான கருவிகள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டோடு நின்றுவிடும். புதுப்பிப்பு நின்ற கருவியில் வங்கிப் பணம் கையாள்வது திறந்த வீட்டில் உறங்குவதற்கு ஒப்பு. செயலிகளும் ஒருநாள் கைவிடும்; 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 கருவிகளில் வாட்ஸ்அப் நின்றுபோனது காண்க. அடுத்துப் பார்க்க வேண்டியது சேமிப்பிடம். குரலும் படமும் நிறைந்த குடும்பத்துக்கு 64 ஜி.பி. விரைவில் போதாமற் போகும்.

பழைய கருவி வாங்குவோர் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என அழுத்தினால் அதன் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டு, இடம் விட்டு, அவ்வெண்ணை எழுதி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அக்கருவியின் நிலை தெரியவரும். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கிவிடாதிருக்க இது உதவும். ஹலாலான பணத்துக்கு ஹலாலான பொருளே தகும்.

இனி, மாற்றும் முறை. பெயரும் எண்ணும் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதென எண்ணற்க. வாட்ஸ்அப் உரையாடல்கள் தாமாக வருவதில்லை. அவற்றைக் கூகுள் கணக்கில் படியெடுத்து வைக்க வேண்டும். 2024 முதல் ஆண்ட்ராய்டில் அப்படிகளும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடத்துக்குள் கணக்கிடப்படுகின்றன. இரண்டு ஆண்ட்ராய்டுக் கருவிகளோ இரண்டு ஐபோன்களோ ஆயின், பக்கத்தில் வைத்துக் கியூ.ஆர். கட்டத்தைக் காட்டி நேராகவும் மாற்றலாம். 2023இல் வந்த வசதி இது. மிக வேண்டிய குரல்களைத் தனிக் கோப்பாக எடுத்து, கணினியிலோ பென்டிரைவிலோ இன்னொரு படி வைப்பது நலம்.

பிறகு ஒப்புநோக்க வேண்டும். புதிய கருவியில் பழைய குரற்செய்தி ஒன்றைத் திறந்து காதால் கேட்க வேண்டும். ஒரு வாரமேனும் பழையதைக் கைவிடாது வைத்திருக்க வேண்டும். அதன்பின் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளிருப்பவை அனைத்தையும் நம் கையாலேயே அழித்த பிறகே பிறரிடம் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்மக்களின் படங்கள் அதில் இருக்கின்றன என்பதை மறவாதிருப்போமாக!

திரும்பி வந்தவை

நம் அத்தாவின் குரல் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக் கூடும்.

மட்டையிலும் தோலிலும் தேடிய அவ்வுத்தமர்களின் வரலாறே நமக்கு வழிகாட்டிற்று. அனுப்பிய குரல் பெற்றவர் கையில் இருக்குமல்லவா? ரியாத்திலுள்ள தம்பிக்கு எழுதினோம். கடையநல்லூர் மாமியிடம் கேட்டோம். இராஜபாளையத்துத் தங்கையின் வீட்டுக்குச் சென்றோம். தம்பியிடம் ஏழு இருந்தன. தங்கையிடம் மூன்று. மாமியிடம் ஒன்று; அதில் அத்தா, வீட்டில் வாங்கிய பால்கோவாவில் மாமிக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறார். ஆகப் பதினொன்று கிடைத்தன. நமக்கென்று அவர் தனியே செய்த துஆக்கள் கிடைக்கவில்லை. அவை நம் கருவியில் மட்டுமே இருந்தன.

கிடைத்தவற்றை நான்கு இடங்களில் படியெடுத்து வைத்திருக்கிறோம். கிடைக்காதவற்றை, நினைவில் உள்ளவரை, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். கைப்பேசியிலிருந்து தவறியதைத் தாள் ஏந்திக்கொள்கிறது!

கருவிகள் இனியும் மாறும். நம் பேரப்பிள்ளைகள் இன்றைய ஸ்மார்ட்போனை நாம் டேப்ரிக்கார்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மாறட்டும். உள்ளிருப்பது அமானிதம் என்ற உணர்வு மட்டும் நம்மிடம் மாறாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.