ஐந்து இலக்கத்தில் ஒரு வரைபடம்: நம் அஞ்சல் குறியீட்டின் கதை



அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதச் சொன்னால், மாணவர்கள் முகவரியில் ஏதோ ஐந்து எண்ணைப் போட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். "இது என்ன எண்?" என்று கேட்டால், "போஸ்கோட் டீச்சர்" என்பார்கள். "அது எதைக் காட்டுது?" என்றால் மௌனம்தான். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் வரலாறு. ஜொகூரில் தபால்தலை வந்த காலத்தில் குறியீடு எதுவும் இல்லை. 1876இல் நீரிணைக் குடியேற்றத் தபால்தலையின் மேல் பிறையும் நட்சத்திரமும் அச்சிட்டு ஜொகூர் பயன்படுத்தியது. 1891இல் சுல்தான் அபு பக்கார் உருவம் தாங்கிய தனித் தபால்தலை வந்தது. அப்போதெல்லாம் ஊர்ப் பெயர் இருந்தாலே போதும். கடிதங்களைப் பிரிப்பவருக்கு ஊர்கள் மனப்பாடம்.

கடிதம் பெருகியதும் மனப்பாடம் போதவில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள், பல தாமான்கள், கையெழுத்தும் புரியாது. அதனால் பல நாடுகள் எண்ணுக்கு மாறின. ஜெர்மனி 1941இல் தொடங்கியது. அமெரிக்கா 1963 ஜூலை 1இல் ஐந்து இலக்க 'சிப்' எண்ணைக் கொண்டுவந்தது. இந்தியா 1972 ஆகஸ்ட் 15இல் ஆறு இலக்க 'பின்' எண்ணை அறிமுகப்படுத்தியது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், தகவல் தொடர்பு அமைச்சின் அதிகாரி; சமஸ்கிருதக் கவிஞரும்கூட. அங்கே தமிழ்நாடும் கேரளமும் 6இல் தொடங்கும், சென்னை 600. பக்கத்துச் சிங்கப்பூர் 1995இல் ஆறு இலக்கத்துக்கு மாறி, ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டது.

மலேசியாவின் முறை ஐந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். மீதி மூன்றும் அங்குள்ள ஊரையும் பட்டுவாடாப் பகுதியையும் காட்டும். எண்கள் நாட்டின் வடமுனையில் தொடங்குகின்றன. பெர்லிஸ் 01, 02. கெடா 05 முதல் 09 வரை. பினாங்கு 10இல் தொடங்கும். பிறகு கிளந்தான், திரங்கானு, பகாங். 30களில் பேராக், 40களில் சிலாங்கூர், 50களில் கோலாலம்பூர், 70இல் நெகிரி செம்பிலான், 75இல் மலாக்கா. 79 முதல் 86 வரை நம் ஜொகூர். கடல் தாண்டினால் லாபுவான் 87, சபா 88 முதல், சரவாக் 93 முதல். வரைபடத்தில் விரல் வைத்து இறக்கிப் பாருங்கள், மாணவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஜொகூருக்குள் வருவோம். இஸ்கண்டார் புத்ரி 79100, ஜொகூர் பாரு 80000, கூலாய் 81000, பொந்தியான் 82000, பத்து பகாட் 83000, மூவார் 84000, சிகாமட் 85000, குளுவாங் 86000. 'ஆகா, மாவட்டத்துக்கு ஒரு எண்' என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். மெர்சிங் தனி மாவட்டம். ஆனால் அதன் குறியீடு 86800, குளுவாங்கின் வரிசை. கோத்தா திங்கி 81900, கூலாயின் வரிசை. முன்பு மூவாரைச் சேர்ந்திருந்த தங்காக் இன்று தனி மாவட்டம். 84900 மட்டும் மாறவில்லை. அதாவது, குறியீடு காட்டுவது நிர்வாக எல்லையை அல்ல, தபால் போகும் வழியை.

இதற்கு நல்ல சான்று பகாங்கின் மலைகள். பகாங்கின் சொந்த வரிசை 25 முதல் 28. ஆனால் கேமரன் மலையின் தானா ராத்தா 39000. பிரேசர் மலை 49000. கெந்திங் மலை 69000. நிலம் பகாங்குடையது. எண்ணோ பேராக், சிலாங்கூர் வரிசைகளை ஒட்டி வருகிறது. நெடுங்காலம் இந்த மலைகளுக்கு ஏறும் பாதை தாப்பா, கோலகுபு பாரு, கோலாலம்பூர் பக்கமிருந்துதானே?

இனி நமக்கு நெருக்கமான செய்தி. தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு வீட்டு எண், சாலைப் பெயர் எல்லாம் கிடையாது. பெயர், தோட்டம், பக்கத்து டவுன், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். பிறகு பல தோட்டங்கள் தாமான்களாகின. ரினி தோட்டம் இன்று முத்தியாரா ரினி குடியிருப்பு. அந்தப் பழைய பெயரைத் தமிழர்களுக்காகக் காத்து நிற்பது ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. முகவரியின் கடைசியில் 81300 ஸ்கூடாய். லாயாங் லாயாங் 81850, ரெங்கம் 86300, பாலோ 86600, பெக்கோக் 86500, லாபிஸ் 85300, சாஆ 85400. இவற்றில் எத்தனை எண்கள் உங்கள் குடும்பக் கதையில் வருகின்றன?

தோட்டத்துப் பெயர் அழிந்தாலும், எந்த டவுன் வழியாகக் கடிதம் வந்தது என்பதை இந்த எண் சொல்லும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு இது ஒரு நுனி நூல். விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவும் கிடைக்காது.

வகுப்புக்கு இரண்டு குறிப்புகள்:

ஒன்று, வரிசை. தமிழ்நாட்டு நூல்களைப் பார்த்து, ஊருக்குப் பின்னால் எண் எழுதும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. அங்கே 'சென்னை – 600 001'. இங்கே எண் முன்னால் வரும்: '81300 ஸ்கூடாய்', அடுத்த வரியில் 'ஜொகூர்'. கடிதத்தில் இதை மாற்றக் கூடாது.

இரண்டு, ஒரு சிறு பணி. வீட்டிலுள்ள மூத்தவரிடம் மாணவர்கள் கேட்டு வரட்டும்: நீங்க பிறந்த தோட்டம் எது? கடிதம் எந்த டவுன் பேருல வந்துச்சு? அந்த டவுனின் குறியீட்டைக் கண்டுபிடித்து, அந்தக் காலத்து முகவரியையும் இன்றைய முகவரியையும் அருகருகே எழுதட்டும். கடிதப் பயிற்சியும் ஆகும், வரலாற்றுப் பாடமும் ஆகும்.

அடுத்த முறை கடித உறையில் ஐந்து எண்ணை எழுதும்போது, மாணவர்களே, கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் இரண்டும் உங்கள் மாநிலம். மீதி மூன்றும் உங்கள் வீட்டுக்குத் தபால் வரும் வழி.