சட்டகம் பொது, சூழல் தனி: தேயிலைத் தோட்ட இணையச் செயலிகளில் அடுக்கு வார்ப்புருக்களின் மறுபயன்பாடு

ஓர் இணையச் செயலியின் திரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வார்ப்புருக்களால் கட்டுவது மென்பொருள் குழுக்களுக்குக் கைவந்த வழக்கமாகிவிட்டது. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரு வெளிச்சட்டகம் இருக்கும். அதனுள் தொகுதிதோறும் ஓர் இடைச்சட்டகம், அதற்கும் உள்ளே பக்கம், பக்கத்துக்குள் அட்டவணை, படிவம், பொத்தான் முதலிய சிறு துண்டுகள். ஒரு தொகுதிக்கு எழுதியதை அடுத்த தொகுதி அப்படியே எடுத்துக்கொள்ளும்போது உழைப்பு மிச்சமாகிறது. பயனரும் ஒவ்வொரு திரையையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இக்கட்டுரை வாதிடுவது வேறொன்று. மறுபயன்பாட்டின்போது சட்டகத்தோடு சேர்ந்து சூழலும் கைமாறிவிடுகிறது. எதற்குள் எது, யாருக்குக் கீழ் யார் என்ற ஒழுங்கு ஒரு தொகுதியில் உண்மையாக இருந்து, அடுத்த தொகுதியில் பொய்யாகிவிடுகிறது. சட்டகத்தை எத்தனை அடுக்கு ஆழத்துக்கு வேண்டுமானாலும் பகிரலாம். சூழலைச் சட்டகத்தின் வழியே பகிரவே கூடாது.

இதற்கு எடுத்துக்காட்டாக மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றுக்குள் ஒன்று என்ற ஒழுங்கு அங்கே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக வலுவாக நிற்கிறது. அந்த ஒழுங்குக்குள் அடங்காத மனிதர்களும் பொருள்களும் அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

முதலில் நுட்பத்தைப் பார்ப்போம். 2005-இல் வெளியான ஜாங்கோ சட்டகத்தில் உள்வார்ப்புரு ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்ற கட்டளையால் வெளிவார்ப்புருவைச் சுட்டும். வெளியது ‘பிளாக்’ என்று பெயரிட்டு விட்டுவைத்த இடங்களை உள்ளது நிரப்பும். அதே ஆண்டு வந்த ஏஎஸ்பி டாட் நெட் 2.0, முதன்மைப் பக்கத்துக்குள் இன்னொரு முதன்மைப் பக்கத்தை வைக்க இடம் தந்தது. இந்தத் தலைமுறைக் கருவிகளில் அடுக்கு என்பது பெரும்பாலும் தோற்றத்தின் அடுக்காகவே இருந்தது. மேல்பட்டை எங்கே, பக்கப்பட்டி எங்கே என்பதற்கு மேல் அது பேசவில்லை. பின்னர் நிலைமை மாறியது. 2022 அக்டோபரில் வந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் 13-இல் கோப்புறைகள் எப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அமைகின்றனவோ அப்படியே திரைச்சட்டகங்களும் அமைகின்றன. இணைய முகவரியின் துண்டுகளும் அப்படியே. ஒரே இடைச்சட்டகத்துக்குள் பக்கம் மாறும்போது சட்டகம் நிலைத்திருக்க, உள்ளடக்கம் மட்டும் புதிதாக வரையப்படுகிறது. மிகப் பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் சூழல் நுழையும் வாசலும் இதுவே. முகவரியில் ‘தோட்டம், டிவிஷன், தொழிலாளர்’ என்று மூன்று படிகள் இருந்தால், இடைச்சட்டகம் டிவிஷனின் பெயரை அங்கிருந்து எடுத்துத் தரவைக் கொண்டுவந்து தலைப்பிலும் பட்டியலிலும் வைக்கும். அதன்பின் அந்தச் சட்டகத்தைப் பயன்படுத்தும் எந்தப் பக்கத்துக்கும் ஒரு டிவிஷன் இருந்தே தீர வேண்டும்.

கேமரன் மலையில் டிவிஷன் என்பது வெறும் சொல் அல்ல. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டறிந்து எழுதினார். பெரிய அளவில் தேயிலை வந்தது 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது. 1933-இல் பாரத் குழுமம் வந்தது. போ நிறுவனத்துக்கு இன்று மலைமேல் போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று மூன்று தோட்டங்கள் உண்டு. நிறுவனத்துக்குள் தோட்டம், தோட்டத்துக்குள் டிவிஷன், டிவிஷனுக்குள் கொழுந்தெடுக்கும் பகுதிகள் என்பது தோட்டத் தொழிலின் பொதுவான அடுக்கு. தோட்ட நிர்வாகம் முழுவதையும் தாங்கிய ஏடு செக்ரோல். இடப்பக்கம் எண்ணும் பெயரும், வலப்பக்கம் மாதத்தின் நாள்களுக்குக் கட்டங்கள், கடைசியில் மொத்த நாள், கூலி, முன்பணம், பிடித்தம். டிவிஷன்தோறும், மாதந்தோறும் அதே கோடுகள். கணினிக்கு முந்தைய வார்ப்புரு என்று இதை நான் தயங்காமல் சொல்வேன். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கூடும் வரிசையில், மேற்பார்வையாளரான மண்டோர் ஆளை எண்ணுவார். எழுத்தரான கிராணி ஏட்டில் குறிப்பார். மாலையில் கொழுந்து நிறுவையும் அதே எண்ணுக்கு நேராக ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் அதே வரியிலிருந்து கணக்காகும்.

ஆகவே, இப்படியொரு தோட்டத்துக்கு இணையச் செயலி எழுதுபவர் பெரட்டு, நிறுவை, சம்பளம் ஆகிய மூன்று தொகுதிகளுக்கும் ஒரே இடைச்சட்டகத்தைப் பயன்படுத்துவது சரிதான். மேலே தோட்டமும் டிவிஷனும், இடப்பக்கம் ஆள் பட்டியல், நடுவில் அன்றைய பதிவு. மூன்றிலும் உண்மையான அடுக்கும் திரையின் அடுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. சிக்கல் நான்காவது தொகுதியில் தொடங்குகிறது. மூன்று இடங்களில் சரியாக இயங்கிய சட்டகத்தை ஆலைக்கும், வீடுகளுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கும் நீட்டிவிடுவது மிக எளிது; மிக இயல்பும்கூட.

ஆலையை எடுத்துக்கொள்வோம். லாரியில் வந்திறங்கும் பச்சைக் கொழுந்துக்குப் பகுதியும் டிவிஷனும் உண்டு. வாட்டும் தொட்டியில் பரப்பியபின் அந்த முகவரி கலைந்துவிடுகிறது. பல பகுதிகளின் கொழுந்து ஒரே தொட்டியில் வாடுகிறது, ஒன்றாக உருட்டப்படுகிறது, ஒன்றாகப் புளித்து, உலர்ந்து, சலிக்கப்பட்டுத் தரவாரியாகப் பிரிகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்ற விகிதத்தில் எடையும் மாறிவிடுகிறது. வெளியே வரும் தேயிலைக்குத் தாய் ஒன்றல்ல, பல. ஒரு டிவிஷனுக்குள் இருந்தபடியே ஆலைத் திரையைத் திறக்க வைக்கும் சட்டகம் இங்கே இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்: தொகுப்பை ஏதோ ஒரு டிவிஷனின் பெயரில் பொய்யாக ஏற்றும், அல்லது ‘ஆலை’ என்றொரு போலி டிவிஷனை உருவாக்கச் சொல்லும். இரண்டாவது வழியைத் தேர்ந்தவர்கள் விரைவில் ‘மருந்தகம்’, ‘அலுவலகம்’, ‘பிற’ என்று போலி டிவிஷன்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். அப்போது டிவிஷன்வாரி அறிக்கை எதிலும் கூட்டுத்தொகை நம்பத்தக்கதாக இருக்காது.

வீட்டுத் தொகுதியில் நேரும் பிழை இதைவிடக் கடுமையானது, ஏனெனில் அது மனிதர்மேல் விழுகிறது. வீடுகளின் பட்டியலைத் தொழிலாளரின் பக்கத்துக்குள் வைத்தால் வீடு தொழிலாளரின் ஒரு பண்பாகிவிடும். அவரை மாத நடுவில் வேறு டிவிஷனுக்கு மாற்றினால் செக்ரோல் எண் போகும் இடத்துக்கு வீடும் திரையில் கூடவே போகும். குடும்பமோ பழைய லயத்தின் வரிசை வீட்டிலேயே இருக்கும். கூரை ஒழுகுகிறது என்ற புகாரைப் பழைய டிவிஷனின் திரையில் ஏற்ற முடியாது. அந்த வீடு அங்கே இல்லை. பணி ஓய்வு பெற்றவர் நிலை இன்னும் மோசம். ஏட்டில் பெயர் நீங்கியதும் அவர் குடியிருக்கும் வீட்டுக்குப் போகத் திரையில் வழியே இல்லை. மலேசியத் தோட்டங்களில் ஓய்வு பெற்றவர்களின் குடியிருப்பு நெடுங்காலச் சமூகச் சிக்கல். அதை மென்பொருள் உண்டாக்கவில்லை. ஆனால் பார்வையிலிருந்து மறைத்துவிடும் வலிமை மென்பொருளுக்கு உண்டு. பட்டியலில் இல்லாத வீட்டைப் பழுதுபார்க்க எவரும் ஆள் அனுப்புவதில்லை.

சட்டம் இந்தப் பிழையை முன்பே கடந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1990-இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரங்கள் மற்றும் வசதிகள் சட்டம் என்ற பெயரில் வந்த மலேசியாவின் 446-ஆம் சட்டம் தொழிலாளரை மட்டும் பேசவில்லை. அவரைச் சார்ந்தோரையும் பேசுகிறது. குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி, பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் நிலம் என்று அதன் வரம்பு விரிகிறது. ஆயாக்கொட்டகையில் விடப்படும் பிள்ளைக்குச் செக்ரோல் எண் கிடையாது. பெற்றோர் இருவரும் தோட்டத்தில் வேலை செய்தால் அந்தப் பிள்ளை யார் பக்கத்துக்குள் இருக்கும்? தந்தை ஒரு டிவிஷன், தாய் இன்னொரு டிவிஷன் என்றால்? இரண்டிலும் ஏற்றினால் பிள்ளை இருவராகும். ஒன்றில் ஏற்றினால் மற்றவரின் திரைக்கு அந்தப் பிள்ளையே இல்லை. பிள்ளையைத் தனியொரு நபராகப் பதிந்து, பெற்றோரை உறவாக இணைப்பதே நேர்வழி. அந்த நேர்வழியைப் பழைய சட்டகம் அனுமதிக்காது.

இதற்கு வேர்க்காரணம் எங்கே? கணினியியலாளர் மெல்வின் கான்வே 1968-இல் முன்வைத்த கருத்து இங்கே துணை செய்கிறது: ஓர் அமைப்பு வடிவமைக்கும் எந்த முறைமையும் அந்த அமைப்பின் தகவல்தொடர்பு வடிவத்தையே ஒத்திருக்கும். செக்ரோலின் வழியே பேசிப் பழகிய நிர்வாகம் கேட்கும் செயலி செக்ரோல் வடிவத்தில்தான் வரும். ஆனால் கான்வே சொன்னதை விதியாக ஏற்றுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1972-இல், மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னஸ் தொகுதிகளைப் பிரிப்பதற்கான அளவுகோலை எழுதினார். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒரு தொகுதிக்குள் மறைத்துவையுங்கள் என்பது அவர் வாதம். இந்த அளவுகோலைத் திரைக்குப் பொருத்திப் பார்த்தால் விடை தெளிவாகிறது. தோட்டத்தில் அடிக்கடி மாறுவது எது? டிவிஷன் எல்லையும், எவர் எந்த டிவிஷனில் என்பதும்தான். அதைக் கொண்டுபோய் எல்லாத் தொகுதிகளும் சார்ந்திருக்கும் சட்டகத்தில் பதிப்பது, மாறக்கூடியதை மாற்றவே முடியாத இடத்தில் வைப்பதாகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை இலேசாக ஒதுக்கக் கூடாது. கிராணிக்கு எல்லாம் தன் டிவிஷனுக்குள்ளேயே வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் டிவிஷனைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், காலை அவசரத்தில் அவர் தவறான டிவிஷனில் பதிவார். அந்தப் பிழையும் கூலியில்தான் போய் முடியும். உண்மை. ஆனால் இந்தத் தேவைக்கு விடை சட்டகம் அல்ல, வடிகட்டி. பயனர் கடைசியாகத் தேர்ந்த டிவிஷனைச் செயலி நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னிருப்பாகத் தரட்டும்; தேவையில்லாத தொகுதி அதைப் பொருட்படுத்தாமல் விடட்டும்; வேண்டாதபோது பயனர் ஒரே தட்டில் நீக்கட்டும். வடிகட்டியை நீக்கினால் எல்லா வீடுகளும் தெரியும். சட்டகத்தை நீக்கினால் திரையே இராது. வேறுபாடு இவ்வளவுதான், இதில்தான் ஓய்வு பெற்றவரின் வீடு தெரிவதும் மறைவதும் இருக்கிறது.

அப்படியானால் சட்டகத்தின் வழியே பகிரத்தக்கவை எவை? உள்நுழைந்தவர் யார் என்பது, மொழித்தேர்வு, பிழைச்செய்தி தோன்றும் இடம், தொடர்பு அறுந்தால் பதிவைக் காத்து வைக்கும் முறை, அச்சு அமைப்பு. இவற்றுள் மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்த் திரைக்கு வரும் கேடுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. இங்கே ஒருமுறை திருத்தினால் எல்லாத் தொகுதிகளிலும் திருந்திவிடும்.

‘கொழுந்து’ என்ற சொல்லைப் பாருங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடுகள்; யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்தால் இருபத்து நான்கு பைட்டு. ஆங்கிலத்தையோ மலாயையோ மனத்தில் வைத்து எழுதிய அட்டவணைத் துண்டு, நீளம் மிஞ்சினால் ஏழாவது குறியீட்டில் வெட்டிவிடும். திரையில் ‘கொழுந்த’ என்று நிற்கும். ஆறில் வெட்டினால் ‘கொழுந்’, ஐந்தில் வெட்டினால் புள்ளியும் போய் ‘கொழுந’. சரக்கின் பெயர் சிதைந்தால் ஊகித்துக்கொள்ளலாம். ஆள் பெயர் சிதைந்தால் சம்பளச் சீட்டில் அது வேறொருவர் பெயராகவே நிற்கும். மேல்விலங்கும் கீழ்வளைவும் கொண்ட எழுத்துகளுக்கு வரி உயரம் போதாமல் ‘கீ’யின் தலையும் ‘கூ’வின் காலும் அறுபடுவது இன்னொன்று. பெயர்ப் படிவம் மூன்றாவது. ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்ற இரட்டைக் கட்டம் மேற்கத்திய வார்ப்புருக்களிலிருந்து அப்படியே வருவது. மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் பெயருக்குப் பின் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்ற குறியும் தந்தையின் பெயரும் வருகின்றன. அந்தப் பெயர் குடும்பப்பெயர் அல்ல. தோட்டங்களில் இன்று உடன் உழைக்கும் இந்தோனேசியர் பலருக்குப் பெயரே ஒரு சொல்தான். முழுப்பெயருக்கு ஒரே கட்டம், வெட்டாமல் மடித்து எழுதும் அட்டவணை, எழுத்தின் உயரத்துக்கேற்ற வரி இடைவெளி: இந்த மூன்றையும் வெளிச்சட்டகத்தில் வைத்துவிட்டால் பெரட்டுத் திரையும் மருந்தகத் திரையும் ஒருசேர நேராகும். அடுக்கு வார்ப்புருவின் உண்மையான வலிமை இதுவே. இதைப் பயன்படுத்தாமல் தொகுதிதோறும் தமிழைத் தனித்தனியே ஒட்டுப்போடும் வழக்கம் எனக்குப் பெரும் வருத்தம் தருவது.

ஏற்கெனவே இயங்கும் செயலியைத் திருத்துவோருக்கு வேலையின் வரிசையும் முக்கியம். வெளிச்சட்டகத்தைத் தொடாமல், முதலில் வீட்டுத் தொகுதியின் முகவரியிலிருந்து டிவிஷன் படியை எடுத்து, வீட்டுக்கென்று தனி எண் தர வேண்டும்; பழைய முகவரிகள் புதியதற்குத் திருப்பிவிடப்படட்டும். அடுத்து ஆயாக்கொட்டகை, அதன்பின் ஆலை. பெரட்டும் நிறுவையும் சம்பளமும் இப்போதுள்ள சட்டகத்திலேயே இருக்கலாம். அவற்றில் கைவைக்கக் காரணம் எதுவும் இல்லை. வீட்டுத் தொகுதி பிரிந்த அன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: செக்ரோலில் எவர் பெயரோடும் சேராத வீடுகளைப் பட்டியலிடச் சொல்ல வேண்டும். பழைய திரை காட்டவே முடியாத பட்டியல் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லயங்களைச் சுற்றிவந்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார் என்று பதிவது அடுத்த வேலை.