மணி கேட்டுப் பிறந்த குரல்

1930களின் தொடக்கத்தில் பாரிஸ் வானியல் கூடத்தின் இயக்குநர் எர்னெஸ்ட் எஸ்க்ளாங்கோனுக்கு ஒரே தலைவலி. கடிகாரத்தைச் சரிபார்க்க ஊரே கூடத்துக்குப் போன் போட்டது. லைன் எப்போதும் பிஸி. கூடத்தின் சொந்த வேலைக்குக்கூட அது கிடைக்கவில்லை. சினிமா பேசத் தொடங்கியிருந்த காலம் அது. படச்சுருளில் குரலைப் பதிக்க முடியும் என்றால், மணி சொல்ல ஆள் எதற்கு?

வானொலி அறிவிப்பாளர் மார்செல் லாபோர்த் குரல் கொடுத்தார். மணியும் நிமிடமும் விநாடியும் தனித்தனியே பதிவாகி, சுழலும் உருளையில் ஏறின. 1933 பிப்ரவரி 14 அன்று சேவை தொடங்கியது. முதல் நாளே சுமார் 1,40,000 அழைப்புகள்! பதில் கிடைத்தது ஏறத்தாழ 20,000 பேருக்குத்தான். இயந்திரக் குரலைக் கேட்க மக்கள் முண்டியடித்தார்கள். ஆனால், அந்தக் குரலுக்கு வாய் இருந்ததே தவிர, காது இல்லை.

காது முளைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. குறுக்கே நின்றது போனின் டயல். அதைச் சுழற்றினால் மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபடும். 5 என்றால் ஐந்து முறை. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணி இணைப்புக் கொடுக்கும், அத்தோடு சரி. இணைப்புக் கிடைத்தபின் என்னதான் சுழற்றினாலும் மறுமுனையில் இருப்பவருக்கு எந்த எண் என்று தெரியாது.

1963 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் பட்டன் போனை பெல் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. சீக்கிரம் டயல் செய்ய வேண்டும், அவ்வளவுதான் முதல் நோக்கம். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலிகள். 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். பேச்சுக் குரலை எண் என்று நினைத்துக் கருவி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஜோடி. அற்புதமான ஏற்பாடு. அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு ஒலிகளுமே பேச்சு பயணிக்கும் அலைவரிசைக்குள் இருந்ததுதான். பேச்சு போய்ச் சேரும் இடமெல்லாம் பட்டன் ஒலியும் போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் ஒரு கம்ப்யூட்டர் காத்திருந்தால்?

பொறியாளர்களும் அதை யோசித்திருந்தார்கள். 1968-இல் ஸ்டாரும் ஹேஷும் சேர்ந்து பட்டன்கள் பன்னிரண்டாயின. கம்ப்யூட்டர் விலை இறங்க இறங்க முதலில் பெரிய நிறுவனங்களும் வங்கிகளும், பிறகு மின்சாரம், குடிநீர், எரிவாயு வழங்குவோரும் அதைத் தொலைபேசி லைனில் பொருத்தினார்கள். பதிவு செய்த குரல் கேள்வி கேட்டது. பட்டன் ஒலி பதில் சொன்னது. நள்ளிரவில் கரன்ட் போனாலும் முதல் மணியிலேயே எடுத்துப் பேசும் ஐவிஆர்எஸ் என்னும் தானியங்கிக் குரல் இப்படித்தான் வந்தது: "மின்தடையைத் தெரிவிக்க எண் ஒன்றை அழுத்தவும்."