ஒரே சாலை, ரெண்டு தீர்ப்பு: ஐ-40ம் ஓவர்டன் பூங்காவும்

அமெரிக்க வரைபடத்தில் ஐ-40 என்ற நெடுஞ்சாலையைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தொடர்ந்து பாருங்க. வட கரோலினாவில் ஆரம்பித்து கலிஃபோர்னியா வரைக்கும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டென்னசி மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற மெம்ஃபிஸ் நகரத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு விசித்திரம். நடு ஊரை நோக்கி நேராக வந்த சாலை, சட்டென்று வடக்கே திரும்பி ஊரைச் சுற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டும். நேராகப் போகவேண்டிய துண்டு சாம் கூப்பர் பூல்வார்டு என்ற வேறு பெயரில் கொஞ்ச தூரம் போய், ஓவர்டன் பூங்கா ஓரத்தில் அப்படியே முடிஞ்சிடும்.

ஏன் முடிஞ்சது? அதுக்குப் பின்னாடி 20 வருஷத்துக்கு மேல் நீண்ட ஒரு சண்டை இருக்கு.

ஓவர்டன் பூங்கா 1901ல் உருவானது. 342 ஏக்கர். உயிரியல் பூங்கா, கோல்ஃப் மைதானம், திறந்தவெளி அரங்கம் எல்லாம் உள்ளேயே இருக்கு. எல்விஸ் பிரெஸ்லி 1954ல் பாடிய மேடை அந்த அரங்கத்தில்தான். இதையெல்லாம் விட முக்கியமானது, ஊர் நடுவில் தப்பிப் பிழைத்த பழைய காடு.

1956ல் தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டம் வந்தது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தரும். இந்தக் கணக்கில் எந்த மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்? மெம்ஃபிஸில் போட்ட கோடு பூங்காவின் குறுக்கே போனது. ஆறு வழிச் சாலை, 26 ஏக்கர் காலி, உயிரியல் பூங்கா ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்.

பொறியாளர்கள் பூங்காவை வெறுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவங்க கணக்கு ரொம்ப எளிமையானது. வீடுகள் வழியாகப் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பணம் தரணும், குடும்பங்களை வெளியேற்றணும், வழக்கு வரும். பூங்காவில் குடியிருப்பவர் யாரும் இல்லை. நிலமும் ஏற்கெனவே அரசாங்கத்துடையது. அதனால் பேப்பரில் பூங்கா எப்பவுமே மலிவான பாதையாகத்தான் தெரியும்.

எதிர்த்தவர்கள் 'ஓவர்டன் பூங்காவைப் பாதுகாக்கும் குடிமக்கள்' என்று ஒரு சின்ன அமைப்பாகச் சேர்ந்தாங்க. டென்னிஸ் ஷூ போட்ட கிழவிகள் என்று அவங்களைக் கிண்டல் பண்ணினாங்க. ஆனால் 1966ல் அவங்களுக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. அந்த வருஷம் போக்குவரத்துத் துறையை உருவாக்கிய சட்டத்தில் 4(எஃப்) என்று ஒரு பிரிவு இருந்தது. சாத்தியமான, விவேகமான மாற்றுப் பாதை ஒன்று இருக்கும்வரை, பொதுப் பூங்கா வழியாகப் போகும் சாலைக்கு மத்திய அரசு அனுமதி தரக்கூடாது என்றது அது.

இருந்தும் 1968ல் பாதைக்கும் 1969 நவம்பரில் வடிவமைப்புக்கும் அனுமதி வந்தது. இரண்டாவது அனுமதி தந்தவர் நிக்ஸன் அரசின் போக்குவரத்துச் செயலர் ஜான் வோல்பே. வேறு வழி ஏன் இல்லை என்பதற்கு அவர் ஒரு காரணம்கூட எழுதி வைக்கவில்லை. குடிமக்கள் வழக்குப் போட்டாங்க. கீழே ரெண்டு நீதிமன்றத்திலும் தோல்வி. 1971 மார்ச் 2ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது.

தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். பொறியாளர்களின் அந்த எளிமையான கணக்கைத்தான் அவர் நேரடியாகத் தொட்டார். செலவையும் மக்களுக்கு வரும் இடைஞ்சலையும் மட்டும் எடை போட்டால் பூங்கா எப்பவுமே தோற்கும்; அதைத் தடுக்கத்தானே இந்தச் சட்டமே வந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு வந்த பிறகு தயாரித்த பிரமாணப் பத்திரங்கள் போதாது, முடிவெடுத்தபோது கையில் என்ன கோப்பு இருந்தது என்று பார்க்கணும் என்றும் சொன்னார். இன்றும் அமெரிக்க நிர்வாகச் சட்டம் படிக்கிற மாணவர் இந்த வழக்கைத் தாண்டாமல் போக முடியாது.

கோப்பு திரும்பிப் போனது. 1973ல் வோல்பே, வேறு வழியே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்புறம் சுரங்கப்பாதை யோசனைகள் வந்தன, செலவைப் பார்த்துக் கைவிட்டாங்க. 1981ல் மாநில ஆளுநர் லாமர் அலெக்ஸாண்டர் இந்தத் துண்டையே திட்டத்திலிருந்து நீக்கச் சொன்னார். சண்டை முடிஞ்சது.

வழக்கமாகக் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவாங்க. இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, பூங்காவுக்கு வெளியே நடந்தது. கோர்ட்டில் வழக்கு ஓடும்போதே பாதைக்காக நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கி இடித்தாச்சு. சாலை வரவே இல்லை. பூங்காவுக்கு மேற்கே எவர்கிரீன் பகுதியில் அந்த நிலம் வருஷக்கணக்கில் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 1990களில்தான் அங்கே மறுபடி வீடுகள் எழுந்தன.

இன்னொண்ணு, இதே ஐ-40, இதே மாநிலம், சுமார் 340 கிலோமீட்டர் கிழக்கே நாஷ்வில் நகரம். அங்கே பாதை கறுப்பின மக்களின் வியாபாரத் தெருவான ஜெஃபர்சன் தெரு வட்டாரத்தைக் குறுக்கே வெட்டியது. அவங்களும் அமைப்பாகச் சேர்ந்து, வழக்குப் போட்டாங்க. பொது விசாரணைக்கான அறிவிப்பு ஒழுங்காகத் தரப்படவில்லை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. அந்த வட்டாரத்துக்குப் பெரிய பாதிப்பு வரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணம் இல்லை என்று 1967 டிசம்பரில் கைவிரித்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை. சாலை வந்தது, கடைகள் போயின.

இந்த ரெண்டு ஊரிலும் மக்களுக்கு ஒரே அளவு உறுதி இருந்தது. வித்தியாசம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. மரத்துக்கும் புல்வெளிக்கும் 4(எஃப்) இருந்தது. தையல் கடைக்கும், முடி திருத்தும் கடைக்கும், வாடகை வீட்டுக்கும் அப்படி ஒரு பிரிவு இல்லை. பூங்காவுக்குக் காவல் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் மலிவான கோடு ஓர் இடத்தில் தடைபட்டால், அடுத்த மலிவான இடத்தைத் தேடும். பெரும்பாலும் அங்கே ஏழைகள்தான் இருப்பாங்க.

ஓவர்டன் காட்டில் 126 ஏக்கரை 2011ல் மாநில இயற்கைப் பகுதியாக அறிவிச்சாங்க. ஜெஃபர்சன் தெரு வட்டாரத்தை ஐ-40 இன்றும் ரெண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது.